கார்த்தேஜ் விழாத கிழமை

அன்ரனெற்றுக்கு உரோமர் என்றால் பெரிய வெள்ளிக்கிழமைதான். யாழ்ப்பாணத்தில், அவளுடைய ஊரான இளவாலையில் தவக்காலம் முடிகிற நேரத்தில் கோயில் வளவில் மேடை போட்டுப் பாடுகளின் காட்சி நடிப்பார்கள். சிவப்புத் துணியைத் தோளில் எறிந்துகொண்டு, பிஸ்கற் தகரத்தில் வெட்டிய தொப்பியோடு வந்து நிற்கிறவர்கள் உரோமர். அவளுடைய தம்பி ஜூலியனும் ஒரு வருடம் அப்படி வந்து நின்றான். யேசுவுக்குக் கயிற்றால் அடிக்க வேண்டிய இடத்தில் அவனுக்குக் கை எழவில்லை. தூணோடு கட்டப்பட்டிருந்தவர், "அடியடா, சனம் பாத்துக்கொண்டெல்லே இருக்குது" என்று முணுமுணுத்தது முன்வரிசைக்கெல்லாம் கேட்டுவிட்டது. உரோமரைப் பற்றி அவள் அறிந்தது அவ்வளவுதான்.

அவர்கள் மறுபடி அவளிடம் வந்தது 1995 தை மாதத்தில். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. கனடாவில், ஸ்காபரோவில், பிளாசா என்கிற கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கத்தில், யன்னல் இல்லாத அறையொன்றில், வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைக்குக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஊர்ச் செய்தி, கோயில் அறிவித்தல், வீடு விற்கிற விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் அவளுடைய விரல்களுக்குள்ளால்தான் போகும். கணவன் அன்புராசாவுக்கு மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். இவள் வீட்டுக்கு வருகிற நேரம் அவன் வேலையில் நிற்பான். பிள்ளைகள் இல்லை. வாரநாளில் இருவரும் ஒழுங்காக முகம் பார்ப்பது காலைத் தேத்தண்ணிக்கு மட்டும்.

பொன்னம்பலம் மாஸ்டர் ஊரில் ஒரு கல்லூரியில் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இப்போது பிக்கரிங்கில் மகளோடு இருந்தார். வீட்டுக்குள் இருந்து விசர் பிடிக்குது என்று ஒரு நாள் ரெயினும் பஸ்ஸும் எடுத்து வந்து, பத்திரிகை ஆசிரியர் கிறிஸ்துநாயகத்தின் மேசையில் நாலு தாளை வைத்தார். ஆற்றங்கரையில் சின்ன ஊராய்க் கிடந்த உரோம் எப்படிப் பக்கத்து ஊரை, பிறகு பக்கத்து நாட்டை, பிறகு கடலைச் சுற்றியிருந்த அவ்வளவையும் தன்னுடையதாக்கியது என்று தொடராக எழுதப்போவதாகச் சொன்னார்.

"சனம் வாசிக்குமோ மாஸ்டர்?"

"வாசியாட்டிலும் ஏழாம் பக்கம் நிரம்பும்தானே."

ஏழாம் பக்கத்தை நிரப்பக் கிறிஸ்துநாயகம் கிழமை தோறும் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். சரி என்றார்.

அந்த நாட்களில் ஊரில் சண்டை நின்றிருந்தது. அரசாங்கத்துக்கும் போராளிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. மாசியில் அம்மாவும் ஜூலியனும் கொழும்புக்கு வந்து, மச்சாள் பேர்ணடெற் வீட்டில் தங்கினார்கள். தம்பியை எப்படியாவது இந்தப் பக்கம் எடுத்துவிட வேண்டும் என்பது அன்ரனெற்றின் எண்ணம். ஆனால் அம்மா ரெலிபோனில் வேறு கதை கதைத்தாள்.

"இனிச் சண்டை இல்லையாம் பிள்ளை. கோயிலுக்கு வெள்ளை அடிக்கினம். வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை என்னத்துக்கு இருக்கிறது? நாங்கள் திரும்பிப் போறம்."

பின்னால் ஜூலியன் சிரித்தது கேட்டது. "அக்கா, நீங்கள்தான் இனி இஞ்சாலை வரவேணும்."

அவளுக்கும் நம்ப ஆசையாக இருந்தது. "சரி அம்மா, போங்கோ" என்றாள். அவர்கள் போனார்கள். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது. 'போங்கோ' என்ற அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனையோ தரம் வாயைப் பொத்திக்கொண்டு நினைத்தாள்.

மாஸ்டரின் கட்டுரைகளை முதலில் அவள் எழுத்தாகத்தான் பார்த்தாள், கதையாகப் பார்க்கவில்லை. கதை அவளைப் பிடித்தது ஆடி மாதத்தில். அரசாங்கப் படை முன்னேறுகிறது, அளவெட்டி போய்விட்டது, சண்டிலிப்பாய் போய்விட்டது என்று முன்பக்கத்துக்கு அடித்தாள். அடுத்த கிழமை படை பின்வாங்கிவிட்டது என்று அடித்தாள். பிளாசாவில் ஆட்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். அவளும் சந்தோஷத்தோடுதான் ஏழாம் பக்கத்துக்குப் போனாள். அங்கே யானைகளோடு வந்த ஒரு கிரேக்க அரசன் உரோமரை இரண்டு தரம் தோற்கடித்திருந்தான். உரோமர் தோற்றதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று மாஸ்டர் எழுதியிருந்தார். செத்தவர்களின் இடத்துக்கு ஆள் சேர்த்தார்கள், திரும்பி வந்தார்கள். பிடித்த இடத்துக்கெல்லாம் ரோட்டுப் போட்டார்கள். ரோட்டு முடிகிற இடத்தில் பழைய படையாட்களைக் காணி கொடுத்துக் குடியிருத்தினார்கள். அரசன்தான் கடைசியில் களைத்துக் கப்பலேறினான்.

காலையில் தேத்தண்ணியை ஆற்றியபடி அன்புராசாவிடம் சொன்னாள்: "அவங்கள் தோத்தாலும் போகமாட்டாங்களாம்."

"ஆர்?"

"உரோமர்."

"அது ரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கதையப்பா" என்றான் அவன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடைய கோப்பையைத் தானே கழுவி வைத்தான்.

புரட்டாசியில் ஹனிபால் வந்தான். கார்த்தேஜ் என்ற கடற்கரைப் பட்டணத்துப் பிள்ளை, பனிமலைக்கு மேலால் யானைகளை நடத்திக்கொண்டுபோய் உரோமரின் வாசலிலேயே அவர்களை அடித்தான். ரொறன்ரோவில் தமிழ்ச் சனம் அதுவரை எந்த வெளிநாட்டானையும் அப்படிக் கொண்டாடியதில்லை. பிளாசாவில் மரக்கறியும் மீனும் விற்கிற கடைக்கார இராஜரட்ணம் மீன் பெட்டிக்கு மேலே பத்திரிகையை விரித்து வைத்து, வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அன்ரனெற் கறிவேப்பிலை வாங்கப் போனால், "பிள்ளை, அடுத்த கிழமை உரோமுக்குள்ளை இறங்கிறானோ?" என்று கேட்பார். அவள் சிரிப்பாள். அவளும் ஒருநாள் மாஸ்டரிடம் அதையே கேட்டாள்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இறங்கேல்லைப் பிள்ளை. பதினஞ்சு வருஷம் அந்த நாட்டுக்குள்ளை அலைஞ்சவன். ஒரு நாளும் இறங்கேல்லை."

"அப்ப கார்த்தேஜ்?"

"வரும். எழுதுவன்."

ஐப்பசி நடுவில் படை மறுபடி வெளிக்கிட்டது. அச்சுவேலி, நீர்வேலி, கோப்பாய். அந்தப் பெயர்களை அடிக்கும்போது அவளுக்குத் தெருக்கள் தெரிந்தன. மாதம் முடிகிற நேரம் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நெரிபட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று செய்தி வந்தது. அம்மாவைப் பற்றியும் ஜூலியனைப் பற்றியும் செய்தி வரவில்லை. பேர்ணடெற்றுக்கு ரெலிபோன் எடுத்தாள். பேர்ணடெற்றுக்கும் ஒன்றும் தெரியாது. பிளாசாவில் ஆளை ஆள் கண்டால், "உங்கடை ஆக்கள்?" என்பதுதான் கேள்வி. தெரியாது என்பதுதான் பதில்.

அந்தக் கிழமைதான் மாஸ்டர் கார்த்தேஜின் முடிவைத் தொடங்கியிருந்தார். உரோமர் முதலில் ஆயுதங்களைக் கேட்டார்கள். கார்த்தேஜ்காரர் சமாதானம் வரும் என்று நம்பி, எல்லாவற்றையும் வண்டி வண்டியாய் ஏற்றிக் கொடுத்தார்கள். கொடுத்து முடிந்த பிறகு உரோமர் சொன்னார்கள்: ஊரைவிட்டு வெளிக்கிடுங்கள், கடலிலிருந்து பத்து மைல் உள்ளே போய் இருந்துகொள்ளுங்கள், பட்டணத்தை நாங்கள் இடிக்கப்போகிறோம்.

கிறிஸ்துநாயகம் அதை வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "மாஸ்டர், உதை இப்ப போட்டால் சனம் வேறை மாதிரி விளங்கும். கொஞ்ச நாள் பொறுப்பமே?"

"பொறுக்கலாம். இவ்வளவு காலம் பொறுத்த கதைதானே. ஆனா பொறுத்ததுக்காக அது மாறாது."

கடைசியில் அதைப் போட்டார்கள். சனம் வேறுமாதிரி விளங்கிக் கோபப்படவில்லை. கார்த்தேஜ்காரர் வெளிக்கிட மாட்டோம் என்று கதவைப் பூட்டிக்கொண்ட இடத்தில் கட்டுரை முடிந்திருந்தது. பெண்கள் கவண்பொறிக்குக் கயிறு திரிக்கத் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. இராஜரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார் என்று கேள்விப்பட்டாள்.

அடுத்த கட்டுரை வந்தபோது மூன்று கிழமையாய் அவள் ஒழுங்காய் நித்திரை கொள்ளவில்லை. தட்டத் தொடங்கினாள். முற்றுகை மூன்றாம் வருடத்துக்குப் போனது. பசி. பிறகு மதில் உடைந்தது. உரோமர் தெருத் தெருவாய், வீடு வீடாய் ஏறினார்கள். ஆறு நாள். கூரையிலிருந்து கூரைக்குப் பலகை போட்டு நடந்தார்கள். பிறகு நெருப்பு. உயிரோடு வெளியே வந்த ஐம்பதாயிரம் பேரை அடிமையாய் விற்றார்கள்.

மதில் உடைகிற இடத்தில் அவளுடைய விரல்கள் நின்றுவிட்டன. கிறிஸ்துநாயகம் முன்னறையில் விளம்பரக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவள் மாஸ்டரின் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தானே தட்டினாள்: "மூன்று வருடங்களாகியும் நகரத்தின் கதவுகள் திறக்கவில்லை. உரோமர் களைத்தார்கள். அவர்கள் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். சனம் வெளியே வந்து தங்கள் வயல்களைப் பார்த்தது."

பக்கத்தில் இடம் மிஞ்சியது. அதில் ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் பெரிதாக்கிப் போட்டாள். ஒருவரும் சரிபார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது.

சனிக்கிழமை பிளாசாவுக்குப் போனபோது இராஜரட்ணம் கடைக்குள்ளிருந்தே கையைக் காட்டினார். "பாத்தியே பிள்ளை, உரோமனே திரும்பிப் போட்டான்." பக்கத்தில் நின்ற ஒரு வயதுபோன மனிசி, உரோமனையும் கார்த்தேஜையும் அறியாதவள், "கடவுள் இருக்கிறார்" என்றாள். அன்ரனெற் அவளுக்குத் தலையாட்டினாள். அந்த இரண்டு நாளும் அவள் சமைத்தாள், தலை முழுகினாள், அன்புராசாவோடு பூசைக்குப் போனாள். தான் எழுதியது பொய் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அச்சில் வந்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

மாஸ்டர் வழக்கம்போலச் செவ்வாய் வந்தார். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஆர் இதை மாத்தினது?"

"நான்தான் மாஸ்டர்."

மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்திருப்பார். "ஏன் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா பிள்ளை, கார்த்தேஜ் நிக்குதெண்டால் அடுத்த கிழமை நான் என்னத்தை எழுதுறது? அந்த வருஷமே கொரிந்துப் பட்டணத்தையும் எரிச்சவங்கள். பேந்து ஸ்பெயின், சிரியா, எகிப்து. நீர் அவங்களைக் கப்பலிலை ஏத்தி விட்டிட்டீர். அவங்கள் வீட்டை போகேல்லை."

திருத்தம் போடுங்கள் என்று மாஸ்டர் கேட்டார். கிறிஸ்துநாயகம் கையைப் பிசைந்தார். இவ்வளவு காலத்தில் ஒரு கட்டுரைக்கும் இத்தனை பேர் ரெலிபோன் எடுத்ததில்லை, எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்கள் என்றார். "சனத்துக்குப் பிடிச்சு நிக்க ஒண்டுமில்லை மாஸ்டர் இப்ப. இதையும் நான் பறிக்கிறதோ?"

"அப்ப நான் நிப்பாட்டுறன்" என்றார் மாஸ்டர். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெளியே பனிக்குள் இறங்கி பஸ் தரிப்புக்கு நடந்தார். ஏழாம் பக்கத்தில் சமையற் குறிப்பு வரத் தொடங்கியது. அன்ரனெற்றை ஒருவரும் ஏசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

1996 தை மாதத்தில் பேர்ணடெற் ரெலிபோன் எடுத்தாள். அம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், உயிருக்கு ஒன்றுமில்லை.

"ஜூலியன்?"

பேர்ணடெற் அழுதாள். பிறகு சொன்னாள். ஜூலியன் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றி, மழைக்குள் உருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து கொண்டுவந்து விட்டான். விடிந்த பிறகு, பக்கத்து வீட்டு அமிர்தநாதரை ஒருவரும் கூட்டி வந்திருக்கமாட்டினம், மனிசன் நடக்க மாட்டாதவர் என்று திரும்பிப் போனான். அம்மா மறித்தாள். பின்னேரத்துக்குள் வந்துவிடுவேன் என்றான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

"அமிர்தநாதரை அவரின்ரை தமையன்ரை பெடியள் முதலே வண்டிலிலை ஏத்திக்கொண்டு போட்டினம். அவர் இப்ப அன்ரி இருக்கிற பள்ளிக்கூடத்திலைதான் இருக்கிறார். இவன் போனது வெறும் வீட்டுக்கு."

அன்ரனெற் ரெலிபோனை வைத்தபோது அன்புராசா வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்தோடு நின்றான். அவன் சப்பாத்தைக் கழற்றினான். அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. இருவரும் கட்டில் விளிம்பில் இருந்தார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறு அவள் தனியே ரெயின் எடுத்துப் பிக்கரிங்குக்குப் போனாள். மாஸ்டரின் மகள் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மேலே போனாள். அன்ரனெற் தம்பியின் கதையைச் சொன்னாள். பிறகு, "அந்த மிச்சத்தைச் சொல்லுங்கோ மாஸ்டர். நான் ஒழுங்காய் அடிக்கிறன்" என்றாள்.

"என்னத்துக்கு இனி?"

"நான் பொய் எழுதினதாலை ஒண்டும் நிக்கேல்லை. உள்ளதையாவது எழுதி விடுவம்."

அவர் சொன்னார், அவள் எழுதினாள். ஆறு நாளும், கூரைப் பலகைகளும், நெருப்பும். நகரம் எரிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்ற உரோமத் தளபதி அழுதான் என்று மாஸ்டர் சொன்ன இடத்தில் அவள் பேனையை நிறுத்தினாள்.

"அழுதவனோ?"

"அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. பக்கத்திலை நிண்ட ஆள் எழுதினது."

"பேந்து ஏன் எரிச்சவன்?"

மாஸ்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான பனி. "நாப்பது வருஷம் படிப்பிச்சனான் பிள்ளை. அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை."

கட்டுரையைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, கிறிஸ்துநாயகத்திடம் கொடுத்தாள். அவர் முழுவதையும் நின்றபடியே வாசித்தார். "உண்மைதான்" என்றார். "ஆனா அதை ஆரும் கேக்கேல்லையே அன்ரனெற். சனம் மறந்திட்டுது. ஏன் கிளறுவான்?" தாளை மேசை லாச்சிக்குள் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

ஜூலியனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனாள். இறந்தவர்களின் பெயர்களோடு வாசிக்கும்படி கேட்டாள். பங்குச் சுவாமி இளகின மனம் உள்ளவர். "உடல் காணேல்லைத்தானே பிள்ளை. நம்பிக்கையை விடக்கூடாது" என்று, பயணத்தில் இருப்பவர்களோடு சேர்த்து வாசித்தார். தெரிந்தவர்களும் அப்படித்தான். இந்தியாவுக்குப் போயிருப்பான், எங்கேயாவது பிடிபட்டு இருப்பான், வருவான் என்றார்கள். ஒருவரும் அவளை அழ விடவில்லை.

சித்திரையில் படை சாவகச்சேரிக்கும் வந்தது. சனத்தில் ஒரு பகுதி வன்னிக்கு ஓடியது, ஒரு பகுதி வீட்டுக்குத் திரும்பியது. அம்மா இளவாலைக்குத் திரும்பினாள். கூரையில் பாதி இல்லை. மிச்சப் பாதிக்குக் கீழே இருந்தாள். அன்ரனெற் அவளைக் கனடாவுக்கு எடுக்க ஒழுங்கு செய்தாள். இராஜரட்ணம் தன்னுடைய மருமகன் மூலம் ஆள் பிடித்து உதவினார். 1997இல், கண்ணில் வெள்ளை படர்ந்து, வைத்தியத்துக்காக அம்மா கப்பலில் கொழும்புக்கு வந்தாள். கண் சரியானதும் விமானம் ஏறலாம் என்றிருந்தது.

அம்மா ரெலிபோனில் முதல் கேட்டது வேறு.

"பிள்ளை, உள்ளதைச் சொல்லு. அவன் அங்கை வந்திட்டானோ? எனக்குச் சொல்லாமல் எடுத்துப் போட்டியோ?"

"இல்லை அம்மா."

"ஏதும் பயத்திலை மறைச்சு வைச்சிருக்கிறியோ எண்டு கேட்டன்."

"இல்லை அம்மா. நீங்கள் முதல் வாங்கோ. வந்து கதைப்பம்."

"நான் அங்கை வந்தால் அவன் வரேக்கை ஆர் கதவு திறக்கிறது?"

அன்ரனெற் சுவரோடு சாய்ந்தாள். இவ்வளவு காலமாய் எல்லோரும் அவளுக்குச் சொன்னது வாய்க்குள் வந்தது. வருவான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அம்மா அந்தப் பாதிக் கூரைக்குக் கீழே போய் இருப்பாள், சாகும் மட்டும் இருப்பாள்.

"அம்மா, அவன் இனி வரமாட்டான். அண்டைக்கே முடிஞ்சுது. நீங்கள் இஞ்சை வாங்கோ."

அம்மா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாய்ச் சொன்னாள்: "நீ நல்லாய்க் களைச்சுப் போனாய் பிள்ளை. போய்ப் படு."

அதற்குப் பிறகு அம்மா அவளோடு கதைக்கவில்லை. அன்ரனெற் ஞாயிறு தோறும் எடுப்பாள். "அன்ரி கோயிலுக்குப் போட்டா" என்பாள் பேர்ணடெற். எந்த நேரம் எடுத்தாலும் கோயில்தான். சில நாளில் பேர்ணடெற்றின் குரலுக்குப் பின்னால் அம்மாவின் இருமல் கேட்கும். "சரி, சுகமாய் இருக்கிறாவோ?" என்று மட்டும் அன்ரனெற் கேட்பாள்.

மார்கழியில் கப்பலில் இடம் கிடைத்து அம்மா திரும்பிப் போனாள். விமானச் சீட்டு எடுக்க வைத்திருந்த காசை அன்புராசா வேறொன்றுக்கும் தொடவில்லை. அன்ரனெற் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, மார்க்கத்தில் கணவனின் தொழிற்சாலையிலேயே பெட்டி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு எழுத்தும் வாசிக்கத் தேவையில்லை. இப்போது இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் வருகிறார்கள். வழியில் அன்புராசா ரேடியோவில் தமிழ்ச் செய்தி போடுவான். ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கியதும் அவள் கையை நீட்டி அதை நிறுத்துவாள்.